தந்திக் கறுப்பு

மயிலாப்பூர்
1 செப்டம்பர் 1997

செங்கமலத்துக்கு,

ஆசீர்வாதம் என்று ஆரம்பித்தால் அந்த வரியோடு கிழித்துப் போடுவாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பென்சிலில் எழுதியிருக்கிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. மல்லாக்கப் படுத்துக்கொண்டு எழுதினால் பேனாவில் மை இறங்க மாட்டேன் என்கிறது. ஸ்ரீவத்சன் பள்ளிக்கூடம் போன காலத்துப் பென்சில் ஒன்று அலமாரியில் கிடந்தது. என்னைப் பார்த்துக்கொள்கிற தேவானைதான் பிளேடால் சீவிக் கொடுத்தாள்.

டெலிபோனில் சொல்லியிருக்கலாம். அது ஹாலில் இருக்கிறது, நான் உள்ளே கிடக்கிறேன். பேசினால் வீடு முழுக்கக் கேட்கும். அதோடு என் குரல் என்று தெரிந்ததும் நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஒரு தடவையாவது படிப்பாய்.

போன வருஷம் என் இடது கை ஆள்காட்டி விரலை எடுத்தார்கள். உனக்குத் தெரியும். நீ வரவில்லை. யார் மூலமோ ஒரு பை சாத்துக்குடி வந்தது. யார் அனுப்பியது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கூடப் பிறந்தவளுக்கு அனுப்புகிற சாத்துக்குடியை ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றி அனுப்புகிற பைத்தியம் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

விரலோடு போயிற்று என்றுதான் இருந்தோம். தை மாசத்திலிருந்து முதுகு வலி. வீணைக்காரிக்கு முதுகு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும் என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஆடியில் ஒரு நாள் சமையலறையில் காய் நறுக்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு காலும் மரத்துப்போயிற்று. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். விரலில் இருந்த அதே சனியன் முதுகெலும்புக்குப் போயிருக்கிறது. தோலில் வருகிற கான்சர். மெலனோமா என்று பேர். நம் நிறத்து ஜனங்களுக்கு அபூர்வமாம். வந்தால் உள்ளங்கை, உள்ளங்கால், நகக்கண் என்று ஒளிந்துகொண்டு வருமாம். சூடாமணி அபூர்வ ராகங்களை விரும்பி வாசிக்கிறாள் என்று பேப்பரில் எழுதினார்களே, வியாதியும் அதற்கேற்றாற்போல வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது உன் அடையாறில் இருக்கிற கான்சர் ஆஸ்பத்திரிக்குத்தான் முதுகில் கரண்ட் வைத்துக்கொள்ள வந்து போகிறேன். "சூடாமணி அடையாறு போறாளாமே" என்று தெருவில் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்களாம். உனக்கு அது வெறும் விலாசம். கொடுத்து வைத்தவள்.

எழுத வந்தது இதுதான். இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவத்சன் பெங்களூரிலிருந்து வருகிறான். அப்பாவும் பிள்ளையுமாக உட்கார்ந்து ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போகிறார்கள். முதுகைத் திறந்து கம்பி வைத்து நிமிர்த்துகிற ஆபரேஷன். எனக்கு வேண்டாம். நான் சொன்னால் "பயப்படறா" என்கிறார்கள். நீ வந்து அவர்களிடம் சொல்ல வேண்டும். என் விஷயத்தில் ஒரு தடவை நிஜத்தைச் சொன்ன ஆள் நீ ஒருத்திதான். இன்னொரு தடவை சொல்லு.

சூடாமணி


அடையாறு, காந்தி நகர்
7 செப்டம்பர் 1997

அக்காவுக்கு நமஸ்காரம்.

கிழிக்கவில்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வாரம் முழுக்க நந்தனம் ஆபீசுக்கும் வீட்டுக்குமாகப் பஸ்ஸில் அலைந்தேன். ஆபீசில் பக்கத்து சீட் ஜொவிட்டா, "என்னங்க, டிபன் பாக்ஸைத் திறக்காமலே திருப்பி எடுத்துட்டுப் போறீங்க" என்றாள். பல்வலி என்று சொல்லி வைத்தேன். அவள் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாத்துக்குடி நான் அனுப்பவில்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன். எதற்குப் பொய். நான்தான்.

முதுகெலும்பு என்ற இடத்துக்கு வந்ததும் அதற்குமேல் படிக்க முடியவில்லை. அடுத்த நாள்தான் மீதியைப் படித்தேன். படித்ததும் கோபம் வந்தது. நீ படுத்த படுக்கையாகக் கிடக்கிறாய், எனக்குக் கோபம் வருகிறது, இது என்ன ஜென்மம் என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை.

நிஜத்தைச் சொன்ன ஆள் என்று எழுதியிருக்கிறாயே, சொன்னதற்கு எனக்குக் கிடைத்த சன்மானம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தி.நகர் சபாவில், இரண்டு வருஷத்துக்கு முந்திய மார்கழியில், மேடைக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்ன அறை. அத்திம்பேர் தம்புரா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். நீ எண்ணெய்ப் பஞ்சில் விரலைத் தொட்டுக்கொண்டிருந்தாய். ஆள்காட்டி விரல் நுனி முழுக்கக் கறுப்பு. வீணை வாசிக்கிறவள் விரலில் கறுப்பு இருக்கத்தான் இருக்கும், அது எனக்குத் தெரியாதா? எஃகுத் தந்தியை எண்ணெய் விரலால் அழுத்தி அழுத்தி நம் எல்லாருக்கும் விழுவதுதான். ஆனால் தந்தி கோடு போடும். அது கோடாக இல்லை. மை கொட்டினாற்போலப் பரவி நகத்துக்குள்ளே ஏறியிருந்தது.

"அக்கா, இது தந்திக் கறுப்பு இல்லே. யாராவது டாக்டர்ட்ட காட்டு" என்று சொன்னேன். வேறு என்ன சொன்னேன்?

நீ என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாய். "உன் விரல்ல ஒண்ணையும் காணோமே. சாதகம் பண்ணினாத்தானே கறுப்பு விழும்" என்றாய். நான் விடாமல் மறுபடி சொன்னேன். அப்போதுதான், "மேடை ஏறப்போற சமயத்துல உன் கருநாக்கை வெச்சுண்டு என் விரலைப் பத்திப் பேசாதே" என்றாய். மிருதங்கக்காரர், பிடில்காரப் பெண் எல்லார் எதிரிலும். அன்றைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. வீட்டுக்குப் போனதும் அத்திம்பேர் உப்பு மிளகாய் சுற்றிப் போடச் சொன்னாராம். அடுத்த கச்சேரியில் என் இடத்தில் உன் சிஷ்யை அனன்யா உட்கார்ந்திருந்தாள். எனக்கு யாரும் சொல்லக்கூட இல்லை. பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் நான் வீணையைத் தொடவில்லை. உறை போட்டு மூலையில் நிற்கிறது. நிஜம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். வேறு யாரையாவது கேட்டுக்கொள்.

தேவானையிடம் சொல்லி அடிக்கடி ஒருக்களித்துப் படுக்க வை. ஒரே பக்கம் கிடந்தால் புண் வந்துவிடும். கரண்ட் வைத்த இடத்தில் பவுடர் போடக் கூடாதாம், சோப்பும் கூடாதாம். விசாரித்தேன்.

செங்கமலம்


மயிலாப்பூர்
13 செப்டம்பர் 1997

செங்கு,

விசாரித்தாயா? யாரிடம் விசாரித்தாய்? போகட்டும். பவுடர் போடுவதில்லை.

நீ எழுதியது அத்தனையும் நடந்தது. ஒன்றுதான் தப்பு. உப்பு மிளகாய் சுற்றச் சொன்னது அவர் இல்லை, நான். அவர் பாவம், சுற்றிவிட்டுத் தும்மிக்கொண்டிருந்தார்.

அப்பா விஜயதசமி அன்றைக்கு நம் விரலைப் பார்ப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? கூடத்து விளக்குக்குக் கீழே நம் இரண்டு பேர் இடது கையையும் பிடித்து நிமிர்த்திப் பார்ப்பார். யார் விரலில் கறுப்பு அழுத்தமாக இருக்கிறதோ அவள்தான் அன்றைக்கு முதலில் வாசிக்கலாம். நம் ஆத்தைத் தவிர வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. வருஷா வருஷம் நான்தான் ஜெயிப்பேன். நீ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்பாய். ஒரு வருஷம் அடுப்புக்கரியைத் தடவிக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டாய்.

அந்தக் கறுப்பு பரவ ஆரம்பித்தபோது எனக்குப் பெருமையாக இருந்ததடி. ஐம்பது வயசிலும் விரல் இப்படி இருக்கிறதே, அப்பா இருந்தால் பார்ப்பாரே என்று நினைத்தேன். நகம் பிளந்தபோதுகூட மெட்டில் இடித்துக்கொண்டது என்று துணியைச் சுற்றிக்கொண்டு வாசித்தேன். வேறு தொழில் பண்ணுகிறவள் என்றால் முதல் மாசமே பயந்திருப்பாள். நீ சொன்னது சரி. இதை எழுத இரண்டு வருஷம் ஆயிற்று எனக்கு.

இப்போது ஆபரேஷன் விஷயம். டாக்டரோடு தனியாகப் பேசினேன். உன் அத்திம்பேரை மருந்து வாங்க அனுப்பிவிட்டுக் கேட்டேன். நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை. கம்பி வைத்தால் உட்காரலாம், உட்காராமலும் போகலாம். கால் திரும்பி வருவது சந்தேகம். இருக்கப்போகிற நாளில் இதனால் ஒன்றும் கூடாது. வலிக்கு மாத்திரையும் கரண்டுமே போதும், அவற்றை நிறுத்த வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரியில் ஒரு மாசத்துக்கு மேல் கிடக்க வேண்டும். எனக்கு இருப்பதே சில மாசம், அதில் ஒன்றை ஏன் பினாயில் வாசனையில் கழிக்க வேண்டும்? என் அறை ஜன்னலில் படுத்தபடி கோவில் மணி கேட்கிறது. மாட வீதியில் பூக்காரி விலை சொல்வதுகூடக் கேட்கிறது. எனக்கு அது போதும்.

நீயே சொல்லேன் என்பாய். உன் அத்திம்பேரிடம் சொல்ல முடியவில்லை. போன வாரம் வீணைக்குப் புதுத் தந்தி போட ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மெழுகு வைத்து மெட்டெல்லாம் சரி பண்ணி, ஸ்ருதி சேர்த்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். "முதுகு நிமிர்ந்துட்டா மத்த விரல்ல வாசிப்பே" என்கிறார். வலிக்கிறதா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் வலிக்கிறது என்று சொல்லிவிடுவேனோ என்று பயம். "சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைக் கூட்டுவார் குறைப்பார். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து, நான் இனிமேல் உட்காரப்போவதில்லை என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தெம்பில்லை.

தேவானை வந்து நிற்கிறாள். "இன்னாமா, எய்திக்கினே கீறியே, கை நோவாதா?" என்கிறாள். நோகிறது. இத்தோடு நிறுத்துகிறேன். தபாலில் போடப் போவதும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை வா.

சூடாமணி


மயிலாப்பூர்
23 செப்டம்பர் 1997

செங்கமலத்துக்கு,

வந்தாய். செருப்பைக் கழற்றிவிட்டு அறை வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றாய். என் காலைப் பார்த்தாய். உன்னைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை. ஸ்ரீவத்சன் எதிரில் அழக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

காபி குடித்தாய். ஆபரேஷன் பேச்சு வந்தது. நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பண்ணிடலாம் அத்திம்பேர். தைரியமா பண்ணிடலாம்" என்றாய்.

என் காதில்தான் தப்பாக விழுந்ததோ என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது பார். "செங்கமலமே சொல்லிட்டா, இனிமே என்ன" என்று பிள்ளையிடம் சொன்னார். சரஸ்வதி பூஜை, விஜயதசமி எல்லாம் வீட்டில் ஆகட்டும், அக்டோபர் பதின்மூன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று முடிவாயிற்று.

உன்னை நம்பிக் கூப்பிட்டேன். அவர்களிடம் நான் தோற்றால் தாங்கிக்கொள்வேன். உன்னைக் கூப்பிட்டு உன்னாலேயே தோற்றதுதான் தாங்கவில்லை. பழிக்குப் பழி என்றால் சொல்லிவிடு. கணக்கு சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

சூடாமணி


அடையாறு
28 செப்டம்பர் 1997

அக்கா,

பழி இல்லை. அப்படி எழுதாதே. பெருமாள் சத்தியமாக அப்படி இல்லை.

மனசில் எல்லாம் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்தேன். பஸ்ஸில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அத்திம்பேரிடம் எப்படி ஆரம்பிப்பது, ஸ்ரீவத்சன் குறுக்கே பேசினால் என்ன சொல்வது, எல்லாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கொஞ்சம் நகர்ந்துகூட உட்கார்ந்தாள்.

உள்ளே வந்து உன்னைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று. நீ எவ்வளவு சின்னதாக இருக்கிறாய் அக்கா. போர்வைக்குள் உன் கால் இருக்கிற இடமே தெரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த வீணை புதுத் தந்தியோடு பளபளவென்று நிற்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

எனக்கு என்ன பயம் என்று சொல்கிறேன், சிரிக்காதே. உன் விரலை எடுத்தார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். வடபழனியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நம் கோதண்டபாணி மாமா பேத்தி கல்யாணம். பெண்ணின் அம்மா என்னைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "செங்கமலம், பொண்ணைப் பார்த்து எதுவும் சொல்லிடாதேம்மா, நல்லதா மட்டும் சொல்லு, உன் வாக்கு பலிக்கும்" என்றாள். விளையாட்டுப் போலத்தான் சொன்னாள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அதிலிருந்து யாராவது உடம்பு சரியில்லை என்று சொன்னால் வாயைத் திறப்பதில்லை. ஆபீசில் ஜொவிட்டா அப்பாவுக்கு ஹார்ட் ஆபரேஷன். எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். அவள் தப்பாக எடுத்துக்கொண்டிருப்பாள்.

உனக்கு விரலில் கறுப்பு வந்தது. எனக்கு நாக்கில் என்று நீ சொன்னாய். சொன்னதை நான் நம்பிவிட்டேன் அக்கா. காலேஜில் படித்தவள், சம்பளம் வாங்குகிறவள், நம்பிவிட்டேன். ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொன்னால் என்ன அர்த்தம்? அக்கா பிழைக்க மாட்டாள் என்று அர்த்தம். என் வாயால் அதைச் சொன்னால் அது நடந்துவிடும். ஒரு தடவை நான் சொன்னது பலித்தது போதும். இன்னொரு தடவை பலிக்க வேண்டாம். நல்லதாகச் சொன்னால் நல்லதாக நடக்குமோ என்று ஒரு நப்பாசை. அதனால்தான் பண்ணிடலாம் என்றேன். சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

உனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைச் செய்ய என்னால் முடியவில்லை. என்ன பண்ணட்டும், சொல்லு.

செங்கமலம்


மயிலாப்பூர்
3 அக்டோபர் 1997

அசட்டுச் செங்கு,

சிரிக்காதே என்றாய், சிரித்தேன். சிரித்தால் முதுகில் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பாவம் உன்னைச் சேரட்டும்.

அன்றைக்கு அந்த அறையில் நான் ஏன் அப்படிக் கத்தினேன் தெரியுமா? நீ சொன்ன நிமிஷத்தில் எனக்கும் தெரிந்துவிட்டது. இது கோடு இல்லை என்று என் கண்ணுக்கும் தெரிந்தது. அந்தப் பயத்தில்தான் கையில் கிடைத்ததை எடுத்து உன் மேல் எறிந்தேன். கருநாக்கு என்ற வார்த்தை அப்படி வந்தது. உன் நாக்கில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் நீ சின்ன வயசில் என்னைத் திட்டின திட்டுக்கு நான் எப்போதோ போயிருக்க வேண்டும்.

நான் போவது நீ சொல்லி நடக்கப் போவதில்லை. சொல்லாமல் நிற்கப் போவதும் இல்லை. அது என் முதுகெலும்பில் எழுதியாயிற்று, ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிகிறது. நீ சொல்வதால் ஆவது ஒன்றுதான். எங்கே இருந்து போவது என்பது. ஆஸ்பத்திரியிலா, இந்த ஜன்னலுக்குப் பக்கத்திலா. அவ்வளவுதான் உன் நாக்குக்கு இருக்கிற சக்தி. அதையாவது எனக்காகச் செலவழி.

களைப்பாக இருக்கிறது. வலிகூடப் பழகிவிட்டது. எல்லாரும் என் எதிரில் சிரித்த முகமாக இருக்கிறார்களே, பதிலுக்குச் சிரித்துச் சிரித்துத்தான் களைத்துப்போகிறேன். ஸ்ரீவத்சன் போன் பண்ணினால் அவன் அப்பா, "அம்மா ஜம்முனு இருக்கா" என்கிறார். ஜம்மென்று இருக்கிறவள் இங்கே படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதினொன்றாம் தேதி விஜயதசமி. முடிந்தால் வா. முடியாவிட்டால் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். இதை நிஜமாகவே சொல்கிறேன்.

அக்கா


அடையாறு
12 அக்டோபர் 1997

அக்கா,

நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரி. இந்தக் கடிதம் வரும்போது நீ அங்கே இருப்பாயா, வீட்டில் இருப்பாயா என்று தெரியாமலே எழுதுகிறேன். மயிலாப்பூர் விலாசத்தைத்தான் போடுகிறேன். போன் பண்ணலாம் என்றால், அத்திம்பேர் எடுத்தால் என்ன சொல்வேன்?

நேற்று நடந்தது உனக்குத் தெரியும். நீதான் பார்த்துக்கொண்டிருந்தாயே. இருந்தாலும் எழுதினால்தான் எனக்கு மூச்சு விட முடியும் போல இருக்கிறது.

பேசாமல் வந்து பேசாமல் போய்விடுவது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அத்திம்பேர் வீணைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்தி, அதைத் தூக்கி உன் கட்டில் மேலேயே கொண்டுவந்து சாய்த்தார். உன் இடது கையை எடுத்துத் தந்தி மேல் வைத்தார். விரல் இல்லாத இடம் மெட்டின் மேல் பட்டது. "சும்மா கையை மட்டும் வைடி, போறும். அடுத்த விஜயதசமிக்கு உக்காந்துண்டு வாசிப்பே" என்றார். நீ அவரைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"அத்திம்பேர், அக்கா அடுத்த வருஷம் உக்கார மாட்டா. ஆபரேஷன் பண்ணினாலும் மாட்டா. டாக்டர் அவகிட்ட சொல்லியாச்சு. அவளுக்கு ஆஸ்பத்திரி வேண்டாமாம், இங்கேயே இருக்கணுமாம். உங்ககிட்ட சொல்ல அவளுக்கு மனசு வரலே. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இப்போ சொல்றதுதான் நிஜம்" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அவர் வீணையை விடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. "நல்ல நாளும் அதுவுமா உன் வாயால இதான் வரணுமா, செங்கமலம்?" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டுவிட்டாய். நான் எழுந்து வந்துவிட்டேன். உன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

தேவானை வாசல் வரைக்கும் ஓடி வந்தாள். "சுண்டலாவது வாங்கிக்கினு போம்மா. நல்ல நாளு, வெறுங்கையோட போவக்கூடாது" என்று பொட்டலத்தைக் கையில் திணித்தாள். கோவில் குளத்துப் படிப் பக்கம் நின்று, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, அந்தச் சுண்டலை அங்கேயே தின்றேன். ஏன் என்று தெரியவில்லை. பசித்தது.

சொல்லிவிட்டேன் அக்கா. நல்லது பண்ணினேனா கெட்டது பண்ணினேனா என்று தெரியவில்லை. அவர் என்னை மன்னிக்க வேண்டாம். உன்னை மட்டும் அங்கேயிருந்து தூக்கிக்கொண்டு போகாமல் இருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றினேன். தந்தியெல்லாம் துரு. கொஞ்ச நேரம் துடைத்தேன்.

செங்கு


மயிலாப்பூர்
16 அக்டோபர் 1997

செங்கு,

மேலே எழுதியிருக்கிற விலாசத்தைப் பார்த்தாய் இல்லையா? அப்படியானால் மூச்சு விடு.

நீ போனதும் அவர் வீணையைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தார். தேவானை போட்ட சாதத்தைப் பிசைந்தபடியே வைத்துவிட்டு எழுந்துபோனார். கோவிலுக்கும் போகவில்லை. எனக்கு உன் மேல் கோபம்கூட வந்தது. கிழவரை இப்படிப் பண்ணிவிட்டாளே என்று. கேட்டதும் நான், கோபித்துக்கொள்வதும் நான். என்னை என்ன செய்வது.

மறுநாள் சாயங்காலம் வந்து வீணைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தந்தியை முறுக்குகிற பிரடையைத் திருக ஆரம்பித்தார். ஸ்ருதி சேர்க்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை, தளர்த்துகிறார். சாரணி, பஞ்சமம், மந்தரம் என்று ஒவ்வொன்றாக. தந்தி இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசித் தந்தியும் தொய்ந்ததும் பஞ்சை எடுத்து எல்லாவற்றையும் ஒரு தடவை துடைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பிக் கட்டில் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "ரொம்ப வலிக்கறதா, சூடா?"

வலிக்கிறது என்றேன்.

எங்கே என்று கேட்டார். காட்டினேன். எப்போதிலிருந்து என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன் செங்கு. ராத்திரி படுத்தால் எப்படி இருக்கிறது, கரண்ட் வைத்துவிட்டு வருகிற அன்றைக்கு எப்படி இருக்கிறது, அவர் "சரியாயிடும்" என்று சொல்லும்போது எப்படி இருக்கிறது என்பது வரைக்கும். அவர் அழுதார். நானும் அழுதேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல அழுதது இதுதான் முதல் தடவை. அழுது முடித்ததும் எனக்குப் பசித்தது. உனக்குச் சுண்டல், எனக்கு ரசம் சாதம். நம் வம்சம் அப்படித்தான் போல.

அப்புறம் போய் ஸ்ரீவத்சனுக்கு போன் பண்ணினார். அவன் அந்தப் பக்கம் என்னவோ கத்துவது எனக்கே கேட்டது. இவர், "அம்மா வேண்டாங்கறாடா. அவ உடம்பு, அவ சொல்றா" என்று திருப்பித் திருப்பி அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரையும் கரண்டும் மட்டும் நடக்கும். வலி அதிகமானால் கொடுக்க வேறு மருந்து இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

உன் மேல் அவருக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் இன்றைக்குக் காலையில் அவராகவே சொன்னார். "வீணை சும்மா கிடக்கு. தந்தியை இறக்கி வெச்சிருக்கேன். செங்கமலத்தை வந்து அவளுக்கு வேண்டிய ஸ்ருதியில கூட்டிக்கச் சொல்லு" என்றார். அதனால் ஞாயிற்றுக்கிழமை வா. இந்த ஞாயிறு மட்டும் இல்லை, முடிகிற ஞாயிறெல்லாம் வா. துருப்பிடித்த உன் வீணையோடு மல்லுக்கட்ட வேண்டாம், இதை வாசி. நான் படுத்துக்கொண்டு தப்புக் கண்டுபிடிக்கிறேன். இரண்டு வருஷம் விட்டதற்கு விரல் வழுக்கும். வழுக்கட்டும்.

பென்சில் கட்டையாகிவிட்டது. கையும் முன்னைப்போல் நிற்கவில்லை. இனிமேல் எழுதுவதை விட நீ நேரில் வருவதுதான் எனக்குச் சௌகரியம்.

ஒரு நிபந்தனை. ஒவ்வொரு தடவையும் வாசித்து முடித்ததும் என் பக்கத்தில் வந்து இடது கையை நீட்ட வேண்டும். டார்ச் தலைமாட்டில் இருக்கிறது, அவர் மூக்குக்கண்ணாடியையும் வாங்கி வைத்திருக்கிறேன். நான் பார்க்காமல் நீ செருப்பைப் போடக் கூடாது. கறுப்பு கோடாக இருந்தால் சரி. கோட்டைத் தாண்டி ஒரு பொட்டு இருந்தாலும் சொல்லிவிடுவேன். நான் போன பிறகு நீயே மாசம் ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்லும்போது உனக்குக் கோபம் வரும். கருநாக்கு என்று என்னைத் திட்டு. எத்தனை வேண்டுமானாலும் திட்டு. திட்டிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போ.

அக்கா